ஆற்றங்கரை வீடும் நாலடிப் பலகையும்: மேற்கு வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தம்பதியின் கணக்கு

கீழ்த்தளச் சுவரில் புதுப் பலகை நாலடி உயரத்துக்குத்தான் அடித்திருந்தது. அதற்கு மேலே பழைய பலகை, மங்கிப்போய். வெப்பமூட்டும் உலையைத் தரையில் வைக்காமல் சிமெண்டுக் கற்களை அடுக்கி அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். மின்பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. அண்ணாச்சி இதில் எதையும் பார்க்கவில்லை. பின்கட்டுப் படியில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ தம்பி, நம்ம ஆறு மாதிரியே இருக்குல்லா?"

2023 ஏப்ரல். மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ்பர்க் ஊருக்குச் சற்றுத் தள்ளி, கிரீன்பிரையர் ஆற்றங்கரை. அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பாபநாசத்தில் குளித்து வளர்ந்த மனிதருக்கு மலையடிவாரத்தில் தெளிந்து ஓடும் எந்த ஆற்றைக் கண்டாலும் தாமிரபரணிதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே "2016" என்று சொல்லி, கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார்.

அந்த ஆண்டு ஜூன் 23 அன்று கொட்டிய மழையால் வந்த வெள்ளத்தில் மேற்கு வர்ஜீனியாவில் 23 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கும் மேல் கிரீன்பிரையர் கவுண்டியில். எங்களை அழைத்துப் போன வீட்டு முகவர் அதுவரை ஆற்றின் அழகைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார்.

அண்ணாச்சியும் மதினியும் எனக்கு உறவில்லை. நான் பிட்ஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நியூ ஜெர்சியில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர்கள். குடிபெயர வேண்டும் என்றதும் வண்டி ஓட்டவும் காகிதம் படிக்கவும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் எடிசன் பக்கத்திலிருந்து மார்கன்டவுன் வந்து சேர்ந்த கதையை, அடையாளம் தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றி, அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஓய்வுக்காலத்தில் மலிவாகவும் பச்சையாகவும் ஓர் இடம் தேடும் நம்மவர்கள் பலர் இதே கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதும் ஒரு காரணம்.

புறப்பட்ட காரணம்

அண்ணாச்சிக்கு அப்போது 67 வயது. மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2018-இல் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தாயிற்று. மதினிக்கு 63. பிள்ளைகள் இருவரும் நாட்டின் அந்தக் கோடியில். சம்பளம் நின்ற பிறகு வீட்டு வரிக் காகிதம்தான் அவரைக் குத்தியது: ஆண்டுக்கு 11,400 டாலர். கடன் முழுக்க அடைத்த சொந்த வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 950 டாலர் வாடகை கட்டுகிற மாதிரி. நியூ ஜெர்சியில் இது அதிசயமில்லை. சராசரியே பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இன்னொரு காரணம் அவருடைய கால்கள். அவர் நடக்கிற மனிதர். எடிசனில் நடப்பதென்றால் கடைவீதி நடைபாதை, இல்லாவிட்டால் காரை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப்போய் நடக்க வேண்டும். ஃப்ளாரிடாவை அவர் முதல் நாளே தள்ளிவிட்டார். "வெயிலுக்குப் பயந்துதானே நாம திருநெல்வேலியை விட்டு வந்தோம், அங்க போயி மறுபடி வேகவா?"

மேற்கு வர்ஜீனியாவை அவருக்குச் சொன்னவன் நான்தான். பிட்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் மாநில எல்லை வந்துவிடும். அந்தச் சிபாரிசில் எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது என்பது பிறகு புரிந்தது.

ஏன் மலிவு, ஏன் பச்சை

தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பரப்பு உள்ள மாநிலம். மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பில் 17,93,716. 1950-இல் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாடே பெருத்த எழுபது ஆண்டுகளில் இது மட்டும் இளைத்திருக்கிறது. 2020 கணக்குக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அதற்கிருந்த மூன்று இடங்களில் ஒன்றும் போயிற்று.

காரணம் நிலக்கரி. 1940-களின் இறுதியில் சுரங்கங்களில் ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். பிறகு வெட்டும் இயந்திரம் உள்ளே இறங்கியது. கரி வெளியே வருவது நிற்கவில்லை, ஆள்தான் தேவைப்படவில்லை. இன்று அந்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கிறது. குடும்பம் குடும்பமாக ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் கார்த் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். வீடுகள் நின்றன.

காடும் அப்படித்தான். இன்று மாநிலத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மரம். இதை 'தொடப்படாத வனம்' என்று விளம்பரத்தில் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1880-க்கும் 1920-க்கும் இடையில் மரக் கம்பெனிகள் மலைமலையாக மொட்டையடித்தன. மொட்டை மலையில் பெய்த மழை அப்படியே கீழே இறங்கி 1907-இல் மொனாங்கஹேலா ஆற்றில் பெருவெள்ளமானது. அதைப் பார்த்துத்தான் மலைநிலத்தை அரசே வாங்கிக் காடு வளர்க்க 1911-இல் சட்டம் வந்தது. 1920-இல் மொனாங்கஹேலா தேசிய வனம் உருவானது. ஒன்பது லட்சம் ஏக்கருக்கும் மேல். நாம் இன்று பார்ப்பது நூறு வயது ஆன மறுவளர்ச்சி.

ஆக, விலை மலிந்ததும் காடு அடர்ந்ததும் ஒரே காரணத்தால்: ஆள் இல்லை. டாக்டர் தூரமாக இருப்பதும் பேருந்து இல்லாததும் கைப்பேசியில் கோடு விழாததும் அதே காரணத்தால்தான். இதை அண்ணாச்சிக்கு ஒரு வாக்கியத்தில் சொல்ல எனக்கு மூன்று பயணம் ஆயிற்று.

மாநிலமும் ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் பிராட் ஸ்மித் இந்த மண்ணின் பிள்ளை. அவரும் மனைவியும் கொடுத்த இரண்டரைக் கோடி டாலரில் 2021-இல் 'அசெண்ட்' என்ற திட்டம் தொடங்கியது. வெளிமாநில நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர் இங்கே குடிவந்தால் இரண்டு ஆண்டில் 12,000 டாலர் ரொக்கம். அதோடு படகு, பனிச்சறுக்கு, பாறையேற்றம் எல்லாம் இலவசம். முதல் ஊர் மார்கன்டவுன். முதல் சுற்றில் ஐம்பது இடங்களை ஒட்டித்தான். ஏழாயிரத்துக்கும் மேல் விண்ணப்பம். அண்ணாச்சி ஆவலாக விண்ணப்பத்தைத் திறந்துவிட்டு மூடினார். வேலையில் இருப்பவர்களுக்குத்தான். ஓய்வு பெற்றவர் சொந்தக் காசில்தான் வர வேண்டும்.

நடக்கிறவனுக்கு எது உதவும்

சுவரொட்டிகளில் வருவது வேறு மேற்கு வர்ஜீனியா. நியூ ரிவர் பள்ளத்தாக்கின் மேல் 876 அடி உயரத்தில் நிற்கும் எஃகு வளைவுப் பாலம். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை அதிலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் சம்மர்ஸ்வில் அணையைத் திறந்துவிட்டால் 'காலி' என்ற பெயருள்ள ஆற்றில் ரப்பர் படகுகள் பறக்கும். செனிகா பாறையில் கயிறு கட்டி ஏறுகிறார்கள். நியூ ரிவர் பள்ளத்தாக்கு 2020 டிசம்பரில் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்டென்ட் வைத்த 67 வயதுக்காரருக்கு இதில் எது? பாலத்தை ஓரமாக நின்று பார்க்கலாம்.

அவருக்கு உதவியது யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: கைவிடப்பட்ட ரயில் தடங்கள். கரியும் மரமும் ஏற்றிய ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடத்தை ஆற்றோரமாகவே, கண்ணுக்குத் தெரியாத சாய்வில் போட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி நுண்ஜல்லி பரப்பினால் மூட்டு வலிக்காரர்களுக்கு அதைவிட நல்ல பாதை இல்லை. கிரீன்பிரையர் ஆற்றுப் பாதை அப்படி 125 கிலோமீட்டர். மார்கன்டவுனிலோ மொனாங்கஹேலா ஆற்றை ஒட்டிய பாதை ஊருக்குள்ளேயே தார் போட்டுப் போகிறது. கிளைகளோடு சேர்த்து 75 கிலோமீட்டருக்கும் மேல். அந்த ஆறு வடக்கு நோக்கி ஓடுவது. அண்ணாச்சி முதல் நாள் அதைக் கவனித்துவிட்டு, "உத்தரவாகினி, விசேஷம்லா" என்று குனிந்து தண்ணீர் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். நிலக்கரிப் படகு போகிற ஆறு அது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு ஊர்

கடைசியில் போட்டி லூயிஸ்பர்க்குக்கும் மார்கன்டவுனுக்கும். அண்ணாச்சியின் மனசு முதலாவதில். சின்ன ஊர், அழகான ஊர். 1902-இல் கட்டிய கார்னெகி ஹால் இன்றும் கச்சேரி நடக்கும் இடமாக இருக்கிறது. பக்கத்தில் வைட் சல்ஃபர் ஸ்பிரிங்சில் நியூயார்க் ரயில் வாரம் மூன்று நாள் நிற்கும். வீட்டு விலை அவர் எடிசன் வீட்டை விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். முதல் கேள்வி: நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால்? உள்ளூரில் மருத்துவமனை உண்டு. ஆனால் பெரிய இதய சிகிச்சை என்றால் மலை தாண்டி சார்ல்ஸ்டன், அல்லது எல்லை தாண்டி ரோனோக்; நல்ல வானிலையிலேயே ஒன்றரை மணி நேரம் பக்கம். அந்த ஆற்றுப் பாதையில் வடக்கே போகப் போக இன்னொரு சிக்கல். கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்காக 1958-இல் வகுத்த, வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தும் அமைதி மண்டலம் அந்தப் பக்கம் முழுக்க விரிகிறது. பல இடங்களில் கைப்பேசி வெறும் கடிகாரம்.

இரண்டாவது கேள்வி: கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? நாங்கள் பார்த்த வீட்டுக்குக் கிணறு. கிரீன்பிரையர் பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை. கீழே முழுக்கக் குகை. மேலே மாட்டுப்பண்ணையில் விழுவது மண்ணில் வடிகட்டாமல் விரிசல் வழியே நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் அங்கே வீடு வாங்கக் கூடாது. அதோடு, சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும், எடுத்தாலும் பொதுவாக முப்பது நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். மலிவான விலையில் இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தபோது அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார்.

மார்கன்டவுனில் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. இதயப் பிரிவும் முதல்தர விபத்துச் சிகிச்சைப் பிரிவும் உள்ளூரிலேயே. வீட்டு விலை மாநிலச் சராசரியைவிட அதிகம்தான். ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் பெட்டிகள் 1975-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற ஊர். மதினிக்கு அது ஒரு வேடிக்கை. அவரை உண்மையில் இழுத்தது வேறு: எழுபத்தைந்து மைல் வடக்கே, பிட்ஸ்பர்க்கின் பென் ஹில்ஸில் வெங்கடேசுவரர் கோயில், 1970-களில் எழுந்தது. மளிகையும் அதே பயணத்தில் ஆகிவிடும்.

ஆனால் அங்கேயும் தரைக்குக் கீழே கதை உண்டு. லூயிஸ்பர்க்கில் தண்ணீர் குடைந்த குகை என்றால் மார்கன்டவுனில் மனிதன் குடைந்த சுரங்கம். பழைய சுரங்கம் உட்கார்ந்தால் மேலே வீட்டுச் சுவர் பிளக்கும். அதற்கென்று, நிலம் உள்வாங்கினால் பணம் தரும் காப்பீடு ஒன்றை மாநிலச் சட்டமே வைத்திருக்கிறது. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதீர்கள். மாநில நிலவியல் துறை பழைய சுரங்க வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்த மூன்று வீடுகளில் இரண்டின் கீழே கோடுகள் ஓடின. இன்னொன்று: நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் அடியிலிருக்கும் கரியும் எரிவாயுவும் நூறு வருடத்துக்கு முன்பே வேறொருவருக்கு விற்கப்பட்டிருக்கலாம். இங்கே அது சர்வசாதாரணம். பத்திரத்தை வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மதினியே சொன்னார். "நம்ம ஊர்ல வில்லங்கம் பாக்காம யாரு வாங்குவா?"

வரி: எதிர்பார்த்ததும் நடந்ததும்

இதில்தான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். மேற்கு வர்ஜீனியாவில் வீட்டு வரி வீட்டின் மதிப்பில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் வரும். சந்தை மதிப்பில் 60 சதவீதத்தைத்தான் கணக்கிலேயே எடுக்கிறார்கள், 65 வயது தாண்டினால் அதிலும் முதல் 20,000 டாலருக்குத் தகுதியுள்ளவர்களுக்கு விலக்கு. அதுவரை சரி.

ஆனால் நியூ ஜெர்சி, வீட்டு வரியில் பிழிந்தாலும், ஓய்வூதியக்காரர்களின் வருமானத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு மாநில வரியே இல்லை. வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்துக்கும் பெரிய விலக்கு. மேற்கு வர்ஜீனியாவோ, நடுத்தரத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி போட்டுவந்தது. 2024-இல் வந்த சட்டப்படி அந்த ஆண்டு 35 சதவீதம், 2025-இல் 65 சதவீதம், 2026-இலிருந்து முழுவதும் விலக்கு. 401கே-யில் எடுப்பதற்கு 65 தாண்டியவருக்கு 8,000 டாலர் கழிவு, மிச்சத்துக்கு வரி. அண்ணாச்சி ஆண்டுக்கு நாற்பதாயிரம் எடுக்கிறார். நியூ ஜெர்சியில் பூஜ்யம் கட்டியிருப்பார். இங்கே எண்ணூறு டாலர் பக்கம் கட்டினார். பதினோராயிரம் மிச்சமாகும்போது எண்ணூறு பெரிதில்லை. ஆனால் பெரிய ஓய்வூதியம் வாங்குபவர் இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்பினால் ஏமாறுவார்.

உண்மையில் அடித்தது மதினியின் மருத்துவக் காப்பீடு. அவருக்கு 65 ஆகவில்லை; அந்த வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இல்லை. தனியாக வாங்க வேண்டிய காப்பீட்டின் தவணை இந்த மாநிலத்தில் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கூட்டரசின் மானியம் போக மாதம் 470 டாலர் கட்டினார்கள். மானியம் இல்லாதிருந்தால் இரண்டாயிரத்தை ஒட்டி வந்திருக்கும். வீட்டு வரியில் மிச்சமானதில் பாதியை அது தின்றது, இரண்டு வருடம். வயது வித்தியாசம் உள்ள தம்பதிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வீட்டுப் படங்களை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது

2023 ஆகஸ்டில் வந்தார்கள். வாங்கவில்லை, வாடகை: மாதம் 1,600 டாலர், ஒரே தளம், குளியலறையில் கைப்பிடி. ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றேன். அந்தக் குளிர்காலம் அவர்களுக்குப் பாடம் நடத்தியது. மார்கன்டவுன் தெருக்கள் சுவரைப் போல் நிற்கும். பனி விழுந்தால் மதினி வண்டி எடுக்க மாட்டார். எடிசனின் இந்தியக் கடைவீதியான ஓக் ட்ரீ சாலையில் நடந்துபோய்க் கொத்தமல்லி வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்த மனுஷி, டிசம்பர் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "மரத்தையே எம்புட்டு நேரம் பாக்க, தம்பி?" என்று ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரக் கடைசியே போய் அவரைக் கோயிலுக்குக் கூட்டிவந்தேன்.

அவருக்குத் தோழிகள் கிடைத்தது, நான் நினைத்தமாதிரி நம்மவர்களால் அல்ல. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், சுரங்கத் தொழிலாளியின் மகள். ஏப்ரலில் மலையில் முளைக்கும் ராம்ப்ஸ் என்ற காட்டுப் பூண்டு ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். உள்ளூரில் அதை உருளைக்கிழங்கோடு பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். மதினி புளி விட்டுக் குழம்பு வைத்தார். வீடு மூன்று நாள் மணத்தது. ஆசிரியை ஒரு டப்பா வாங்கிப் போனார். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் இருவரும் ஆற்றுப் பாதையில் நடக்கிறார்கள். நவம்பரில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம் தொடங்கியதும் ஆரஞ்சுச் சட்டை போடாமல் காட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அண்ணாச்சிக்கு நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தைப்பூசத்துக்குப் போகிறமாதிரி இருக்கிறதாம்.

அண்ணாச்சி வாரம் ஐந்து நாள் நடக்கிறார். நடந்து வந்ததும் முழங்காலுக்குக் கீழே உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மதினி டார்ச் அடித்துப் பார்ப்பது அன்றாடச் சடங்கு. உண்ணியால் வரும் லைம் நோய் இங்கே விளையாட்டில்லை. மே மாதம் ஒரு வாரம் கிரீன்பிரையர் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஆற்றங்கரையில் வாழ வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று மதினி தீர்ப்புச் சொல்லியாயிற்று. 2025-இல் அவருக்கு 65 முடிந்து மெடிகேர் அட்டையும் வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தத்தை இரண்டாம் முறையாகப் புதுப்பித்திருக்கிறார்கள். வீடு வாங்கும் பேச்சு இன்னும் முடியவில்லை.

போன வாரம் அண்ணாச்சி கூப்பிட்டார். அந்த ஆற்றங்கரை வீடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறதாம், முன்னைவிட ஒன்பதாயிரம் குறைத்து.

"கீழ்த்தளத்தைப் படம் போட்டிருக்கானா அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார் போல.

"அதைத் தவிர எல்லாத்தையும் போட்டிருக்கான்."